ஒன்பது வயது ஜிம்னாஸ்டுக்கு வாரம் எத்தனை மணி நேரம் பயிற்சி?

கேட்டிருப்பவர் நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு அம்மா. மகளுக்கு 9 வயது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸின் பத்துப் படிகளில் நான்காவதான லெவல் 4-இல் ஒரு சீசன் முடித்துவிட்டாள். இப்போது வாரம் 3 நாள், நாளுக்கு 3 மணி நேரம் பயிற்சி. ஜூன் முதல் லெவல் 5 குழுவில் வாரம் 4 நாள், நாளுக்கு 4 மணி நேரம் வரவேண்டும் என்று கோச் சொல்லிவிட்டாராம். இது அதிகமா, மாட்டேன் என்றால் பிள்ளை பின்தங்கிவிடுவாளா என்பது கேள்வி. கூடவே வாரம் இரண்டு நாள் பரதநாட்டிய வகுப்பும் இருக்கிறது.

அதிகம்தான். அந்த வயதுக்கும் அந்த லெவலுக்கும் 9 முதல் 12 மணி நேரம் தாராளம். பின்தங்க மாட்டாள். ஆனால் இந்த ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு கோச்சிடம் போனால் அவர் ஐந்து நிமிஷத்தில் உங்களை மடக்கிவிடுவார். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் டெக்ஸாஸில் 11 வருஷம் கம்பல்சரி லெவல் (எல்லோரும் ஒரே அசைவு வரிசையைச் செய்யும், லெவல் 5 வரையிலான படிகள்) பிள்ளைகளுக்குக் கோச்சாக இருந்தவள். என் மகளும் நான் வேலை செய்த ஜிம்மிலேயே வளர்ந்தவள். ஆக, பேரம் நடக்கும் மேஜையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஊரில் நடப்பு எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஒவ்வொரு கிளப்பும் தன் விருப்பத்துக்கு நேரம் வைக்கிறது. நான் பார்த்தவரை லெவல் 3 பிள்ளைகள் வாரம் 6 முதல் 9 மணி நேரம் வருவார்கள். லெவல் 4, 5-க்கு 9 முதல் 15 வரை. லெவல் 6 முதல் ஆப்ஷனல், அதாவது அவரவருக்கென்று அமைத்த அசைவு வரிசை; அங்கே போனால் 16, 20. லெவல் 9, 10 பிள்ளைகள் 20 முதல் 25. எலீட், அதாவது சர்வதேசப் போட்டி நிலை என்றால் 30-ஐத் தாண்டும். உங்கள் கோச் சொல்லும் 16 ஊரில் இல்லாத அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் பல கிளப்கள் ஒன்றைச் செய்கின்றன என்பதாலேயே அது ஒன்பது வயதுப் பிள்ளையின் எலும்புக்கு ஒத்துவந்துவிடாது.

எலும்பு என்றதும் எல்லோரும் எடுத்துச் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரப் பயிற்சியும் அத்தனை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இது ஏதோ வாட்ஸ்அப் அறிவுரை அல்ல. சிகாகோ பகுதி மருத்துவமனைகளின் விளையாட்டு மருத்துவப் பிரிவுகளுக்கு வந்த, 7 முதல் 18 வயது வரையிலான ஏறத்தாழ 1,200 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. அடிபட்டு வந்தவர்களையும், அடிபடாமல் சாதாரண உடல் பரிசோதனைக்கு வந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வயதைவிட அதிக மணி நேரம் விளையாடியவர்களிடம் கடுமையான தேய்மானக் காயங்கள் கூடுதலாக இருந்தன. கோச் சொல்லி ஆடும் நேரம், தானாக ஓடியாடும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனவர்களிடமும் அப்படித்தான். இரண்டாவது சேதியை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

உங்கள் கோச் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: "அது கால்பந்து, டென்னிஸ் எல்லாம் கலந்த ஆய்வு. ஜிம்னாஸ்டிக்ஸ் வேறு." பாதி சரி. ஜிம்னாஸ்டிக்ஸில் சின்ன வயதில் தொடங்காமல் முடியாது. ஒரு அசைவு உடம்பில் ஏறவே நூற்றுக்கணக்கான முறை செய்தாக வேண்டும். அந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டால் 13 வயது லெவல் 9 பிள்ளையை வளர்க்கவே முடியாது. அதனால் நான் அதைத் தடைச் சுவராகப் பார்ப்பதில்லை, சாலையில் வரும் வேகத்தடையாகப் பார்க்கிறேன். தாண்டலாம். ஏன் தாண்டுகிறோம், தாண்டி என்ன கிடைக்கிறது என்று கேட்டுவிட்டுத் தாண்டவேண்டும். ஒன்பது வயதில் 12 வரை போக எனக்குக் காரணம் தெரியும். 16-க்குத் தெரியவில்லை.

இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ விதிப்படி, சீசன் நடக்கும்போது ஒரு வீராங்கனையை வாரம் 20 மணி நேரத்துக்கு மேலும், நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேலும் பயிற்சியில் வைத்திருக்கக் கூடாது. வாரம் ஒரு நாள் விடுப்பு கட்டாயம். (தானாக வந்து செய்வது, பயணம், பிசியோ இதெல்லாம் கணக்கில் வராது என்பதும் உண்மை.) எலும்பு முற்றிய 20 வயதுப் பெண்ணுக்கே நாளுக்கு 4 மணி நேரம் உச்சவரம்பு. உங்கள் ஒன்பது வயது மகளுக்குக் கேட்பதும் அதே 4.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மணி நேரத்தை எண்ணுவது சுலபம் என்பதால் எல்லோரும் அதையே எண்ணுகிறோம். ஜிம்முக்குள் அந்த நேரம் எங்கே போகிறது என்று உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஒரு சாதாரண மூன்று மணி நேர மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 20 நிமிஷம் வார்ம்-அப், ஸ்ட்ரெச்சிங். கடைசி 25 நிமிஷம் கண்டிஷனிங், அதாவது புல்-அப், லெக் லிஃப்ட், கயிறு ஏறுவது. நடுவில் மிஞ்சும் இரண்டேகால் மணி நேரம் வால்ட் (ஓடிவந்து தாண்டும் மேஜை), பார்ஸ் (உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகள்), பீம் (குறுகிய உத்தரம்), ஃப்ளோர் (தரை) என்று நான்காகப் பிரியும். தண்ணீர் குடிப்பது, பாத்ரூம், இடம் மாறுவது போனால் ஒரு கருவிக்கு அரை மணி நேரம்.

பார்ஸில் என்ன நடக்கிறது? லெவல் 4-இல் பிள்ளைகளை அழவைக்கும் அசைவு கிப். தாழ்ந்த பாரைப் பிடித்து முன்னால் சறுக்கிப் போய், கால் நுனியை பாருக்குக் கொண்டுவந்து, ஒரே இழுப்பில் இடுப்பு பாரில் படும்படி மேலே எழவேண்டும். குழுவில் 10 பேர், ஒரே ஒரு பார், ஒரே ஒரு கோச் என்று வையுங்கள். ஒவ்வொருத்தியும் கையில் சாக் பவுடர் பூசி, ஏறி, செய்து, விழுந்து, கோச் சொல்வதைக் கேட்டு இறங்க ஒரு நிமிஷம். அப்படியானால் ஒரு பிள்ளைக்கு 10 நிமிஷத்துக்கு ஒரு முறை. அரை மணி நேரத்தில் மூன்று கிப். மீதி நேரம் வரிசையில் நின்று பக்கத்தில் இருப்பவளின் பின்னலை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பாள்.

அதே அரை மணி நேரத்தை நல்ல கோச் நாலு பேர் கொண்ட சின்னக் குழுவோடு எப்படி நடத்துவார் என்றால், ஒருத்தி பாரில் இருக்கும்போது இன்னொருத்தி தரை பாரில் ஹேண்ட்ஸ்டேண்டுக்குக் கால் தூக்குவாள். மூன்றாமவள் ரப்பர் பட்டையைக் கட்டி கிப் இழுப்பைப் பழகுவாள். நான்காமவள் சுவரோரம் தலைகீழாக நிற்பாள். நான்கு நிலையம், சுற்றிச் சுற்றி. அரை மணியில் ஒவ்வொருத்திக்கும் ஏழெட்டு நல்ல முயற்சி, கூடவே இருபது துணைப் பயிற்சி. இந்த ஜிம்மில் 9 மணி நேரம் வரும் பிள்ளை, அந்த ஜிம்மில் 16 மணி நேரம் வரும் பிள்ளையைவிட அதிகமாகவே பழகியிருப்பாள்.

என் அனுபவத்தில் ஒரு ஜிம் மணி நேரத்தைக் கூட்டுவதற்குப் பாதி நேரம் உண்மைக் காரணம் குழு பெரிதாகிவிட்டது என்பதே. ஆள் குறைவு, பிள்ளைகள் அதிகம், ஸ்கில் வரவில்லை. உடனே இன்னொரு நாள் சேர்ப்போம் என்பார்கள். மாதக் கட்டணமும் மணி நேரத்தைப் பார்த்து ஏறும். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன், நானும் அந்தக் கூட்டத்தில் தலையாட்டியவள்தான்.

மறுபக்கமும் உண்டு. நிலையம் வைத்துச் சுறுசுறுப்பாக நடத்தும் ஜிம்மில் மணி நேரம் கூடினால், அடியும் அதே அளவு கூடும். ஃப்ளோரில் டம்பிளிங், அதாவது ஓடிவந்து கை ஊன்றிப் புரள்வதை எடுத்துக்கொள்ளுங்கள்: ரவுண்ட்-ஆஃப் (பக்கவாட்டில் கை ஊன்றித் திரும்புவது), இரண்டு பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கமாகக் கை ஊன்றிப் புரள்வது). ஒரு முறை ஓடினால் கை மூன்று முறை தரையில் அறைகிறது. ஒரு மாலைக்கு 15 ஓட்டம் என்றால் 45 அறை. வால்ட் டேபிள், பீம் எல்லாம் தனி. பெரிய டம்பிளிங் செய்து இறங்கும்போது காலில் விழும் விசை உடல் எடையைப் போலப் பத்து மடங்கைத் தொடும். உங்கள் மகள் இன்னும் அவ்வளவு பெரிய அசைவு செய்யவில்லை, சரி. ஆனால் கையை நடப்பதற்குப் படைக்கவில்லை. இந்த விளையாட்டில் மணிக்கட்டு கணுக்காலின் வேலையைச் செய்கிறது.

என் மகளுக்கு 11 வயது. பள்ளி விடுமுறை வந்ததும், வாரம் 13 மணி நேரமாக இருந்தது ஒரே திங்கட்கிழமையில் 22 ஆனது. கோடைகாலத்தில் ஜிம்கள் காலையிலேயே திறந்துவிடும். பள்ளி இல்லையே, பிள்ளைகள் சும்மாதானே இருக்கிறார்கள் என்று. மூன்றாவது வாரத்தில் அவள் தோசைக்கல்லை எடுக்கும்போது இடது கையால் மட்டும் எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். புஷ்-அப் எடுக்கும்போது உள்ளங்கையை விரிக்காமல் முஷ்டியை மடக்கி ஊன்றியதை ஜிம்மில் நானே பார்த்தேன். பார்த்தும் இன்னும் பத்து நாள் விட்டேன், மாநிலப் போட்டி மனதில் இருந்ததால். கடைசியில் எக்ஸ்-ரே எடுத்தபோது, முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டோடு சேரும் இடத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டு அகன்று போயிருந்தது. ஜிம்னாஸ்ட் ரிஸ்ட் என்றே அதற்குப் பெயர் உண்டு. மூன்று மாதம் கையை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். அடுத்த சீசன் முழுக்கப் போனது.

நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது 22 என்ற எண்ணைப் பற்றி அல்ல. 13-இலிருந்து 22-க்கு ஒரே நாளில் தாவியதுதான் பிழை. உங்கள் மகளுக்குச் சொல்லியிருப்பதும் அதே மாதிரித் தாவல்: 9-இலிருந்து 16, ஜூனில், ஒரே அடியாக. கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மணிக்கட்டோடு சேர்த்துக் கவனிக்கவேண்டியவை குதிகால் வலி, முழங்காலுக்குக் கீழே புடைப்பு, பின்னால் வளையும்போது வரும் இடுப்பு வலி. முதல் இரண்டும் வளரும் பிள்ளைகளிடம் சகஜம், ஓய்வு கொடுத்தால் அடங்கும். மூன்றாவதை ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. முதுகெலும்பில் நுண்முறிவாக இருக்கலாம். பிள்ளை வலியைக் கோச்சிடம் சொல்கிறாளா என்று பாருங்கள். பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸில் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதம் பற்றி 2022-இல் வெளியான வைட் விசாரணை அறிக்கையைப் படித்தால், காயத்தோடு பயிற்சி செய்ய வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருந்தார்கள் என்று தெரியும். வலிக்கிறது என்று பிள்ளை பயமில்லாமல் சொல்லக்கூடிய ஜிம்மில் 12 மணி நேரம் எனக்குப் பயமாக இல்லை. சொல்லமுடியாத ஜிம்மில் 6 மணி நேரமும் அதிகம்.

அடுத்தது தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நான்கு மணி நேரப் பயிற்சி என்றால் மாலை நாலரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். வீடு வர ஒன்பது. குளித்து, ரசம் சாதமாவது சாப்பிட்டு, வீட்டுப்பாடம் பார்த்து, படுக்கப் பத்தே கால். காலை ஆறரைக்கு எழுந்தால்தான் பள்ளிப் பேருந்து. எட்டேகால் மணி நேரம். வாரம் நான்கு இரவு இப்படி. பதினைந்து வயதையொட்டிய பள்ளி வீரர்களை வைத்து லாஸ் ஏஞ்சலஸில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்கள் காயப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. உங்கள் மகள் வயதுக்கு அந்தக் கோடு இன்னும் மேலே இருக்கும். அதனால் கோச்சிடம் எத்தனை மணி நேரம் என்பதோடு, எத்தனை மணிக்கு முடியும் என்றும் கேளுங்கள். ஏழரைக்கு முடியும் நான்கு நாள், எட்டரைக்கு முடியும் மூன்று நாளைவிட நல்லதாக இருக்கலாம்.

பரதநாட்டியத்தைப் பற்றி நம்மவர்கள் செய்யும் ஒரு தப்பு உண்டு. அது கலை, இது விளையாட்டு என்று இரண்டு கணக்கு வைப்பார்கள். குதிகாலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் ஒரு மணி நேரம் தட்டடவு தட்டிவிட்டு, மறுநாள் வால்ட் ரன்வேயில் ஓடும் பிள்ளைக்குக் குதிகால் வலி வந்தால் ஜிம்மை மட்டும் குறை சொல்லமுடியாது. நாட்டிய வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. தாளமும் நிமிர்வும் பீமில் எவ்வளவு உதவும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தையும் வாரக் கூட்டலில் சேருங்கள். அப்போது இப்போதே அவள் 9 அல்ல, 11. ஜூனில் 16 அல்ல, 18.

பின்தங்கிவிடுவாளா என்ற பயத்துக்கு வருவோம். இந்தப் பயம் பழைய காலத்தின் மிச்சம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் 10, அதாவது முழு மதிப்பெண் வாங்கியபோது நாடியா கொமனேச்சிக்கு வயது 14. அன்றைக்கு உலகம் பார்த்தது அதை. 14 வயதில் சிகரம் என்றால் 9 வயதில் பாதி மலை ஏறியிருக்கவேண்டும் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அப்புறம் சர்வதேசப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 1981-இல் 15 ஆகவும், 1997-இல் 16 ஆகவும் உயர்த்தினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆல்-ரவுண்ட் (நான்கு கருவிகளும் சேர்ந்த) தங்கம் வாங்கிய சிமோன் பைல்ஸுக்கு 27 வயது, வெள்ளி வாங்கிய ரெபேக்கா ஆன்ட்ராடேவுக்கு 25. அதே ஆண்டு தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட் தங்கம் வாங்கிய நம் திபா கர்மாகருக்கு 30. பைல்ஸ் பள்ளியை விட்டு வீட்டிலிருந்தே படிக்கத் தொடங்கி, வாரப் பயிற்சியைச் சுமார் 20-இலிருந்து 32 மணி நேரமாக ஏற்றியது 2012-இல், 15 வயதில். அதுவரை ஏறத்தாழ 20. உலகத்திலேயே சிறந்தவர் 14 வயதில் செய்ததற்கு நான்கு மணி நேரம் மட்டுமே குறைவாக, லெவல் 5-க்காக, ஒன்பது வயதில் ஏன்?

உயரம் குறையுமா என்று கேட்கவில்லை, ஆனால் அடுத்து கேட்பீர்கள். குறையாது. குள்ளமானவர்களுக்கு இந்த விளையாட்டு சுலபம், அதனால் அவர்கள் நிலைக்கிறார்கள். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு அழைத்த நிபுணர்கள் 2013-இல் எழுதிய மதிப்பாய்வின் முடிவும் தீவிரப் பயிற்சி இறுதி உயரத்தைப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்பதே. பிள்ளையைப் பட்டினி போட்டால் கதை வேறு. பயிற்சிக்கு முன் காரில் இரண்டு இட்லி, முடிந்ததும் பால், அதுவே பெரிய காரியம்.

இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் அவள் திடுதிப்பென்று வளரத் தொடங்குவாள். மாதம் ஒரு தடவை கதவு நிலையில் கோடு போட்டு வாருங்கள். கோடுகளுக்கு இடையே இடைவெளி கூடும் மாதங்களில் கை கால் நீளம் மாறி, வந்த கிப்பே வராமல் போகும்; எலும்பின் முனைகளும் அப்போதுதான் மென்மை. அந்த நேரத்தில் மணி நேரத்தைக் கூட்டி "பழையபடி கொண்டுவருவோம்" என்பார்கள். நேர்மாறாகச் செய்யவேண்டும்: டம்பிளிங்கைக் குறைத்து, கண்டிஷனிங்கையும் நடன அசைவுகளையும் வைத்துக்கொண்டு காத்திருப்பது.

கோச்சிடம் என்ன பேசுவது? சண்டை வேண்டாம். "ஜூன், ஜூலையில் வாரம் 3 நாள், நாளுக்கு மூன்றரை மணி நேரம் வருகிறோம். வலி இல்லாமல் இருந்தால் செப்டம்பரில் 12 ஆக்குகிறோம். வருஷக் கடைசியில் ஒரு வாரம் முழு விடுப்பு. 16 பற்றி அவளுக்கு 11 வயதாகும்போது பேசுவோம்" என்று சொல்லுங்கள். எல்லாரும் ஒரே நேரம்தான், விதிவிலக்கு இல்லை என்றால் அதே ஜிம்மில் எக்ஸெல் (Xcel) எனப்படும், விதிகள் தளர்வான இணைப் போட்டிப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டணமும் நேரமும் குறைவு. அங்கே போவது தண்டனை இல்லை. பின்னால் லெவல் 6, 7-க்கு மாறிய பிள்ளைகள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு மாலை, பெற்றோர் மாடத்தில் போனை உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள். பார்ஸ் ரொட்டேஷன் தொடங்கியதும், உங்கள் மகள் ஒருத்தி மட்டும் எத்தனை முறை பாரைத் தொடுகிறாள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு கையிலேயே முடிந்துவிட்டால், நாளைக் கூட்டுவதற்குப் பதில் குழுவை இரண்டாகப் பிரிக்கமுடியுமா என்று கோச்சிடம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.